எம்.எஸ்சி. கணிதம்: தொலைநிலைக் கல்வியா, விடுதியில் தங்கியா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். உதகையில் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்பது விருப்பம். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்க அனுப்ப வீட்டில் தயங்குகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. படித்தால் செல்லுமா?

பதில்: செல்லும். உரிய அனுமதியுடன் தொலைநிலையில் வழங்கப்படும் பட்டம் நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்கு இணையானது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியுள்ளது. பள்ளியில் முதுகலை ஆசிரியராவதுதான் உங்கள் நோக்கம் என்றால், இந்தப் பட்டத்துடன் பி.எட். முடித்துப் போட்டித் தேர்வுக்குத் தயாராகலாம். ஆனால் நீங்கள் கேட்பது கல்லூரிப் பணி. அதற்கு முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும்.

ஆய்வகம் தேவைப்படாத பாடம் என்பதால் கணிதத்தை வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இளநிலையில் சூத்திரங்களைப் பயன்படுத்தி நல்ல மதிப்பெண் வாங்கியவர்களைக்கூட முதுநிலையின் முதல் பருவத்தில் மெய்ப்பகுப்பாய்வும் இயற்கணிதமும் திணறடிப்பதுண்டு. ஏனெனில் அங்கே ஒவ்வொரு வரியையும் நிரூபித்தாக வேண்டும், நிரூபணத்தில் நேரும் ஓட்டை எழுதியவர் கண்ணில் எளிதில் படாது.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் தலைகீழியைத் தரும் சார்பு, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில் தொடர்ச்சியானது. ஆயினும் சீரான தொடர்ச்சி உடையதன்று; அதாவது, இரண்டு எண்கள் எவ்வளவு நெருங்கியிருந்தால் அவற்றின் தலைகீழிகளும் நெருங்கியிருக்கும் என்பதற்கு இடைவெளி முழுவதற்கும் பொதுவான ஓர் அளவு கிடையாது. 1/100, 1/101 ஆகியவற்றின் வேறுபாடு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றின் தலைகீழிகளோ 100, 101 என ஒன்று வேறுபடுகின்றன. இந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் முழு நிரூபணத்தையும் எழுத முடிந்தால் தொலைநிலைக் கல்வியைத் துணிந்து பரிசீலிக்கலாம். முடியாவிட்டால், தாளைத் திருத்திக் காட்ட ஆசிரியர் இருக்கும் வகுப்பறையே உங்களுக்கு ஏற்றது. கோத்தகிரியிலிருந்து கோவைக்குத் தினமும் போய்வருவது, அதுவும் மண்சரிவால் மலைப்பாதை அடைபடும் ஐப்பசி, கார்த்திகை மழையில், நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே விடுதியைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

விடுதி என்று முடிவானபின் கோவையோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 60 வினாக்கள், 100 மதிப்பெண். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் மட்டுமே தவறுக்கு மதிப்பெண் குறையும் என்பதால், எண்ணை விடையாக எழுத வேண்டிய வினா எதையும் விட்டுவைக்காதீர்கள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. நிரூபணம் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பொருத்தமானது.

ஒருவேளை தொலைநிலைக் கல்வியிலேயே சேர நேர்ந்தால், நீங்கள் சேரும் ஆண்டுக்கும் எம்.எஸ்சி. கணிதத்துக்கும் அந்தப் பல்கலைக்கழகம் அனுமதி பெற்றிருக்கிறதா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.