வாசகர் கேள்வி – பதில்: இடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அப்பப்பா கட்டிய மாடிக் கடையை இடித்துப் புதிதாகக் கட்ட வீட்டார் எண்ணுகின்றனர். அது காலந்தோறும் எப்படி மாறியது என்பதை அறிய வழியுண்டா? (வாசகி, நல்லூர்)

பதில்: உண்டு. முதலில் வாசற்படியைப் பாருங்கள். அதில் நீளவாட்டில் ஒரு தவாளிப்பு (பள்ளம்) இருந்தால், இன்றைய இரும்புக் கதவுக்கு முன்னர், இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிக் கடை பூட்டிய காலம் அதற்கு இருந்தது என்று கொள்ளலாம். அடுத்தது சுவர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்குவதற்கு முன் எழுந்த கடைகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. பூச்சு உதிர்ந்த இடத்தைச் சுரண்டும்போது வெண்மையாக உதிர்ந்தால் அது பழைய சுவர். சாம்பல் நிறத்தில் இறுகி நின்றால் பிற்காலத் திருத்தம்.

கீழ்த்தளம் எப்போதும் கடையாகவே இருந்திருக்கும். ஆனால் களஞ்சியமாகவும், புகைப்பட நிலையமாகவும், ரியூட்டரியாகவும் (தனியார் வகுப்பு நிலையம்), வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசப் பெற்றோர் காத்திருந்த தொலைபேசி நிலையமாகவும், இப்போது நிதி நிறுவனமாகவும் நகரத்து மேல்மாடிகள் மாறி வந்திருப்பதால், தடுப்புச் சுவர்களின் அடையாளங்களை அங்கேதான் தேட வேண்டும்.

இக்கட்டடங்கள் சிதைந்தமைக்குப் போர் மட்டுமே காரணமன்று என்பது என் கருத்து. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகைக்காரரைப் பாதுகாத்தது, அது நியாயமானதே. ஆயினும் சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் பலர் கூரைக்குக் காசு செலவிடவில்லை. ஏற்கனவே நலிந்திருந்த அக்கூரைகள்தாம் போரால் நகர மக்கள் வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப் பின் ஆளின்றிக் கிடந்து மழையில் நனைந்தன. 2002இல் கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறந்து பொருட்கள் வரத் தொடங்கியதும், அவசரமாக நடந்த திருத்தங்களில் ஓடு போய்த் தகரம் வந்தது.

மாநகர மண்டபமே போரில் அழிந்துவிட்டதால், மாநகர சபையின் பழைய பதிவுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வீட்டுப் பெட்டியிலுள்ள சோலைவரிப் (ஆதன வரி) பற்றுச்சீட்டுகளையும் காணி உறுதிகளையும் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். கடையில் வேலை செய்த முதியவர் எவரேனும் இருந்தால் அவரைக் கட்டடத்துக்கே அழைத்துச் சென்று கேளுங்கள். இடத்தில் நின்றால் பல விடயங்கள் அவர் நினைவுக்கு வரும்.

சுவர் உறுதியாக இருந்தால் முகப்பையாவது காப்பாற்றுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். இடிப்பதென்றே முடிவானால், அறைகளை அளந்து படம் வரைந்த பின்னரே வேலையைத் தொடங்குங்கள். கதவு நிலைகளையும் வைரமேறிய பனஞ்சிலாகைகளையும் ஒப்பந்தகாரரிடம் விட்டுவிடாமல் புதிய கட்டடத்திலேயே பயன்படுத்துங்கள்.