ஆஸ்டினா, ஏ அண்ட் எம்மா? மருத்துவம் படிக்க விரும்புவோரின் கேள்விகளுக்குப் பதில்

டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் காலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் இளங்கலைப் படிப்புக்கு இடம் பெற்று, அதன்பின் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் கேட்டவை இவை. அம்மாநிலத்திலேயே மருத்துவம் பயின்று பணிபுரியும் ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்துள்ளது. ஆஸ்டினின் பெயர்தான் எடுபடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகள் அதைப் பார்க்குமா? (ஒரு தாய், கேட்டி)

பதில்: பார்க்காமல் இல்லை, ஆனால் மதிப்பெண், எம்கேட் என்னும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு, நோயாளிகளோடு பழகிய அனுபவம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் பார்க்கும். இவ்விரண்டையும் டெக்சாஸில் அறியாதவர் இல்லை என்பதால், ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்தது என்று தேர்வுக் குழுவில் எவரும் வாதிட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. தங்கள் மகளின் கையில் இருக்கும் உண்மையான பலம் வேறு: அவர் டெக்சாஸ்வாசி. இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரிகள் பத்து விழுக்காட்டுக்கு மேல் வெளிமாநிலத்தவரைச் சேர்க்க மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை. எங்கு படித்தாலும் அந்தப் பலம் அவரோடு வரும்.

கேள்வி: இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் சொந்த மருத்துவக் கல்லூரி உண்டே, தங்கள் மாணவர்களுக்கு முன்னுரிமை தருவார்களா? (மாணவர், ஃபிரிஸ்கோ)

பதில்: அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆஸ்டினின் டெல் மருத்துவக் கல்லூரி 2016இல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ஏ அண்ட் எம் கல்லூரி 1970களிலிருந்தே இயங்குகிறது. பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் நன்மை, ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் நீங்களாகக் கதவைத் தட்டிப் பெறுவதே.

கேள்வி: ஆஸ்டினில் மதிப்பெண் வாங்குவது கடினம், ஏ அண்ட் எம்மில் எளிது என்கிறார்களே? (மாணவி, சுகர்லேண்ட்)

பதில்: எளிது, கடினம் என்பதைவிட, மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. ஆஸ்டினில் ஏ மைனஸ், பி பிளஸ் போன்ற தரங்கள் உண்டு. ஏ அண்ட் எம்மில் அவை கிடையாது. ஏ என்றால் ஏ, பி என்றால் பி.

ஒரு பாடத்தில் 91 மதிப்பெண் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்டினில் பல பேராசிரியர்கள் அதற்கு ஏ மைனஸ் தருவார்கள். பல்கலைக்கழகச் சான்றிதழில் அது நான்குக்கு 3.67. ஏ அண்ட் எம்மில் அதுவே பெரும்பாலும் முழு ஏ, அதாவது 4.0. ஆனால் டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான டிஎம்டிஎஸ்ஏஎஸ், பிளஸ் மைனஸ் குறிகளைக் கணக்கில் கொள்வதில்லை. எனவே ஆஸ்டினின் ஏ மைனஸும் அங்கே 4.0 ஆகிவிடும். இதில் மகிழ்வதற்கு முன் பி பிளஸையும் பாருங்கள்: ஆஸ்டினில் 3.33ஆக இருந்தது 3.0க்கு இறங்கிவிடும். பிற மாநிலக் கல்லூரிகள் பயன்படுத்தும் ஆம்காஸ் அமைப்போ ஏ மைனஸை 3.7 என்றும் பி பிளஸை 3.3 என்றும் எடுத்துக்கொள்ளும். ஆகவே 90க்குச் சற்று மேலே நிற்பவர் வெளிமாநிலங்களுக்கும் விண்ணப்பிக்க எண்ணினால், ஏ அண்ட் எம்மில் அவருக்குச் சிறிது ஆதாயம் உண்டு. டெக்சாஸுக்கு மட்டும் என்றால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் போய்விடும் என்றும் எண்ணவேண்டாம். இரண்டு அமைப்புகளும் இரண்டு முயற்சிகளையும் சேர்த்தே கணக்கிடும்.

கேள்வி: ஏ அண்ட் எம்மில் பயோமெடிக்கல் சயின்ஸ் பாடத்தைக் கால்நடை மருத்துவப் பிரிவு நடத்துகிறது. மனித மருத்துவத்துக்கு அது சரிவருமா? (ஒரு தந்தை, ஹூஸ்டன்)

பதில்: தாராளமாகச் சரிவரும். அங்கிருந்து மருத்துவம் படிக்கச் செல்பவர்கள் ஏராளம். மாட்டு வைத்தியம் என்று உறவினர்கள் கேலி செய்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உயிரியல், வேதியியல், ஆர்கானிக் வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், புள்ளியியல், ஆங்கிலம் ஆகியவற்றை முடித்தால் போதும். தங்கள் மகன் வரலாற்றையே முதன்மைப் பாடமாக எடுத்தாலும் தடையில்லை.

கேள்வி: ஏ அண்ட் எம் நல்ல உதவித்தொகை தருகிறது, ஆஸ்டின் தரவில்லை. (மாணவர், சான் அன்டோனியோ)

பதில்: தொகை பெரிதாக இருந்தால் ஏ அண்ட் எம்முக்கே போங்கள். 2025இல் நிறைவேறிய கூட்டரசுச் சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று கூட்டரசுக் கடனுக்கு உச்சவரம்பு உண்டு. இளங்கலையில் மிச்சமாகும் பணம், முன்னைவிட இப்போது கூடுதலாகக் கைகொடுக்கும்.

கேள்வி: முந்நூறு பேர் அமரும் வகுப்பில் பரிந்துரைக் கடிதம் யார் தருவார்? (மாணவி, ராலட்)

பதில்: இரு பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான சிக்கல் இது. டிஎம்டிஎஸ்ஏஎஸ் கேட்பது தனித்தனிக் கடிதங்கள் அல்லது பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழு தரும் ஒரு கடிதத் தொகுப்பு. ஆஸ்டினில் முதலாண்டு மாணவர்களை ஆய்வகத்தில் சேர்க்கும் ஃபிரெஷ்மன் ரிசர்ச் இனிஷியேட்டிவ் என்னும் திட்டம் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். நான் ஆர்கானிக் வேதியியல் படித்தபோது, பேராசிரியரின் அலுவல் நேரத்தில் வாரந்தோறும் வந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்தான். முதல் நாள் என்னிடம் கேட்பதற்குச் சரியான கேள்விகூட இல்லை. ஒரு வேதிவினை நடக்கும் படிகளைத் தவறாக வரைந்திருந்த தாளை நீட்டினேன். அவர் சிவப்புப் பேனாவால் ஓர் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுவிட்டு, 'அடுத்த வாரமும் வா' என்றார். ஈராண்டுக்குப் பின் எனக்குக் கடிதம் எழுதித் தந்தவர் அவரே.