சில்லறையாக எண்ணெய் விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தால் சிறிய ஆலைகள் என்ன செய்யவேண்டும்?

கொடிகாமத்தில் சிறிய எண்ணெய் ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஆட்டி, வாடிக்கையாளர் கொண்டுவரும் போத்தல்களில் அளந்து விற்கிறோம், சிலர் தங்கள் வீட்டுக் கொப்பராவைக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிக்கொண்டு போகிறார்கள். பொதி செய்து லேபல் ஒட்டாத எண்ணெயை இனி விற்கவே முடியாது என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நிரப்பும் இயந்திரம் வாங்கக் கடன் எடுக்கலாமா, அல்லது தொழிலையே விடவேண்டி வருமா?

கடன் எடுப்பதைத் தள்ளிவையுங்கள். கடைக்காரர் சொல்வதோ பத்திரிகைத் தலைப்போ சட்டமாகாது. வர்த்தமானி அறிவித்தலில் மூன்று விடயங்களைத் தேடிப் பார்க்கவேண்டும்: எந்த எண்ணெய்க்குப் பொருந்தும், எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும், யாருக்கு விலக்கு உண்டு. 2021 ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவிக்கப்பட்டு, பின்னர் உற்பத்தித் துறைகளின் தேவைக்காக அது தளர்த்தப்பட்டதை இத்துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அறிவித்தல் வந்த நாளிலேயே முதலீட்டு முடிவு எடுத்தவர்கள்தான் இப்படியான மாற்றங்களில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

அதேவேளை, வரப்போகும் விதி வரட்டும் என்று இருப்பதும் சரியல்ல. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் கலப்படமான, பழுதடைந்த, தவறாக விபரிக்கப்பட்ட உணவை விற்பதை ஏற்கெனவே தடைசெய்கிறது. விலை, பொதியிலுள்ள விபரம் ஆகியவற்றில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பணிப்புரைகளை வழங்கலாம். ஆகவே உங்கள் எண்ணெய்க்குப் பொறுப்புச் சொல்லவேண்டிய கடமை இன்றைக்கே உங்களுடையது. புதிய விதி செய்யக்கூடியது, அந்தப் பொறுப்பைப் போத்தலின் வெளிப்புறத்தில் எழுத்தில் போடச் சொல்வதுதான். எங்கிருந்து வந்ததென்று தெரியாத எண்ணெயைப் பரல் பரலாக வாங்கிக் கலந்து விற்பவருக்கு அது இடைஞ்சல். தென்மராட்சித் தேங்காயையும் வன்னி எள்ளையும் தன் கண்முன்னே ஆட்டுபவருக்கு, அதை நிரூபிக்க முடிந்தால், அது பாதுகாப்பு.

நிரூபிப்பது எப்படி என்பதில்தான் நீங்கள் முதலில் கவனம் செலுத்தவேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தொகுதி இலக்கம் கொடுத்து, கொப்பராவோ எள்ளோ யாரிடம் வாங்கியது, எத்தனை கிலோ, எந்த நாள் ஆட்டியது, எவ்வளவு எண்ணெய் கிடைத்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டையும் அதனுடன் வையுங்கள். அந்தத் தொகுதியில் ஒரு சிறிய போத்தலை நிரப்பி, இலக்கம் ஒட்டி, வெளிச்சம் படாத அலுமாரியில் எடுத்துவையுங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் எண்ணெயில் குறை சொன்னால், அந்தப் போத்தலும் கொப்பியும்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது கொப்பரா. 2021 மார்ச்சில் இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் அஃப்ளாடொக்சின் என்ற நச்சு கண்டறியப்பட்டபோது, பலர் அதை இறக்குமதியாளரின் பிரச்சினையாக மட்டும் பார்த்தார்கள். அந்த நச்சு ஈரமான கொப்பராவில் வளரும் பூஞ்சணத்திலிருந்து வருவது. கொப்பரா எந்த நாட்டதாக இருந்தாலும் ஈரம் இருந்தால் பூஞ்சணம் வரும். பெரிய ஆலைகளின் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும், ஆனால் செக்கில் ஆட்டும் எண்ணெய்க்கு அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. கொப்பராவின் ஈரப்பதன் ஆறு வீதமளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். மாரி காலத்தில் வெயிலை நம்பி அரைகுறையாகக் காயவைத்த கொப்பராவையும், உடைத்துப் பார்க்கும்போது உட்பக்கத்தில் மஞ்சளோ பச்சையோ பூத்திருக்கும் துண்டுகளையும், விலை மலிவு என்பதற்காக ஒருபோதும் செக்கில் போடாதீர்கள். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகும்; மாட்டின் வழியாக அந்த நச்சு பாலுக்கும் வரும்.

தரம் பற்றிக் கேட்கும்போது அதிகாரிகள் பார்ப்பது சில எண்களைத்தான். தேங்காய் எண்ணெய்க்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 32 என்ற தர நியமம் இருக்கிறது, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமமும் உண்டு. கோடெக்ஸ் நியமத்தின்படி சுத்திகரிக்காமல் ஆட்டிய எண்ணெயின் அமிலப் பெறுமானம் (எண்ணெய் சிதைந்து உண்டாகும் அமிலத்தின் அளவு) 4 ஐத் தாண்டக்கூடாது, பெரொக்சைட்டுப் பெறுமானம் (எண்ணெய் காறத் தொடங்குவதைக் காட்டும் அளவு) 15 ஐத் தாண்டக்கூடாது. கலப்படத்தைக் காட்டிக்கொடுப்பது அயடீன் பெறுமானம், அதாவது எண்ணெய் எவ்வளவு அயடீனை ஏற்கிறது என்ற அளவு; அது எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடும். தூய தேங்காய் எண்ணெயில் அது 6.3 இலிருந்து 10.6 வரை, பாம் எண்ணெயில் 50 க்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு பாம் எண்ணெய் கலந்தாலே அது ஏறத்தாழ 17 க்கு உயர்ந்துவிடும். நல்லெண்ணெய்க்கு 104 இலிருந்து 120 வரை. வருடத்தில் சில தொகுதிகளையாவது கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஆய்வுகூடத்தில் பரிசோதித்து அறிக்கையைக் கோப்பில் வைப்பது, இயந்திரத்துக்குச் செலவழிப்பதிலும் பார்க்கப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

போத்தலில் அடைப்பதற்கு இயந்திரம் தேவையில்லை. எண்ணெயை மூடிய பாத்திரத்தில் இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு, மண்டி கலங்காமல் மேலிருந்து வடித்து, துணியில் வடிகட்டி, புதிய, உணவுக்கு உகந்த போத்தலில் நிரப்பினால் போதும். கழுவிய பழைய போத்தலின் அடியில் நிற்கும் நாலு துளித் தண்ணீரே எண்ணெயைக் காறலாக்கப் போதுமானது. குளிர்பானப் போத்தல்களைத் திரும்பப் பாவிப்பதை நிறுத்துங்கள். நல்லெண்ணெய்ப் போத்தல்களைக் கடை வாசலில் வெயில் விழும் தட்டில் அடுக்கவேண்டாம்.

லேபலில் எண்ணெயின் பெயர், தேறிய அளவு, உங்கள் பெயரும் விலாசமும், தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை ஆகியவை இருக்கட்டும். எங்கள் ஊரில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதை எண்ணில் எழுதவேண்டும். நிறைக் கணக்கில் அது ஏறத்தாழ 690 கிறாம்தான் என்பதால், கிலோவுக்கு விலை சொல்லிப் போத்தலில் கொடுக்கும் பழக்கம் வீண் சச்சரவை உண்டாக்கும். காலாவதித் திகதியை மற்றவர் போத்தலைப் பார்த்து எழுதாமல், எடுத்துவைத்த மாதிரிகளை மாதங்கள் கழித்துப் பரிசோதித்து முடிவு செய்யுங்கள். நோய் தீர்க்கும், கொலஸ்ரரோலைக் குறைக்கும் என்ற வாசகங்கள் வேண்டாம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்காக லேபலில் மருந்தென்று எழுத முடியாது.

கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதை வேறாக நோக்கவேண்டும். அங்கே எண்ணெய் உங்களுடையதல்ல, நீங்கள் விற்பது உழைப்பு. ஆனாலும் செக்கும் பாத்திரங்களும் ஒன்றே என்பதால் சுத்தம் பற்றிய விதிகள் அதற்கும் பொருந்தும். ஒருவருடைய பழுதான கொப்பரா அடுத்தவருடைய எண்ணெயைக் கெடுக்காதபடி இடையில் துப்புரவாக்க வேண்டும். கூலி ஆட்டத்துக்குத் தனிக் கொப்பி வைத்து, கொண்டுவந்தவரிடம் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஆலைக்கு அழைத்து, இந்த இரண்டு வேலைகளையும் காட்டி, எதற்கு எந்தப் பதிவு வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை இந்த மாதமே செய்யலாம். வர்த்தமானிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.