விண்வெளியில் முழங்கால் கோணத்தை அளப்பது எப்படி?

கேள்வி: தொடையிலும் கெண்டைக்காலிலும் தலா ஒரு சென்சார் கட்டி, முழங்கால் மடங்கும் கோணத்தை அளக்கும் கருவியை எங்கள் கல்லூரிக் குழு செய்திருக்கிறது. தரையில் நன்றாக அளக்கிறது. விண்வெளி நிலையத்தில் உடற்பயிற்சி செய்பவர் கட்டிக்கொண்டாலும் இதே துல்லியம் கிடைக்குமா?

பதில்: அப்படியே கட்டினால் கிடைக்காது. கோணத்தைத் தருவது சென்சாருக்குள் இருக்கும் கைரோ, அதாவது சுழலும் வேகத்தை அளக்கும் பகுதி. அதன் சிறு பிழை நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போகும். தரையில் முடுக்கமானி ‘கீழ்’ எந்தப் பக்கம் என்று காட்டி அதைத் திருத்திவிடுகிறது. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் நிலையத்திலும் புவியீர்ப்பு 90 சதவீத அளவுக்கு இருக்கிறது. ஆனால் நிலையம், ஆள், சென்சார் எல்லாம் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால் அசையாத முடுக்கமானி பூஜ்யம்தான் காட்டும். இது தெரியாத மென்பொருள், கால் உதறும்போது வரும் முடுக்கத்தையே ‘கீழ்’ என்று எடுத்துக்கொண்டு தப்பாகத் திருத்தும். திருத்தமே இல்லாமல் இருப்பதைவிட இது மோசம். முதலில் அந்தத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். காந்தப்புலத்தை வைத்துத் திசை காட்டும் காந்தமானியும் கைகொடுக்காது, சுற்றிலும் உலோகமும் மின்கருவிகளும்தான்.

அப்புறம் எதைப் பிடித்துக்கொள்வது? தெரிந்த ஒரு கோணத்தை. ஒவ்வொரு பயிற்சிச் சுற்றுக்கும் முன்னும் பின்னும் காலை ஒரு நேர்சட்டத்தோடு சேர்த்துக் கட்டிப் பதிவு செய்யுங்கள். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேர்ந்த பிழை; அதைச் சுற்று முழுவதற்கும் பகிர்ந்து கழியுங்கள். ‘நேராக நில்லுங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எடையின்மையில் உடலைத் தளர விட்டால் இடுப்பும் முழங்காலும் தானாகவே மடங்கிக்கொள்ளும். உடல் நீர் மேல்நோக்கி நகர்வதால் முதல் சில நாட்களில் கால் மெலியும், பட்டை தளரும். ஆகவே தினமும் இறுக்கிப் பாருங்கள்.

நிலையம் பூமியைப் பார்த்தபடியே சுற்றுவதால், தானும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 டிகிரி திரும்புகிறது. நீங்கள் இரண்டு சென்சார்களின் வித்தியாசத்தை எடுப்பதால் இது கழிந்துவிடும். நல்ல வடிவமைப்பு, மாற்றாதீர்கள்.

முடிந்தால் கேமராவையும் சாட்சிக்கு வையுங்கள். ஆனால் அங்குள்ள எடைப்பயிற்சிக் கருவியான ‘ஏரெட்’, அதிர்வு நிலையத்துக்குப் போகாதபடி மிதவையாகப் பொருத்தப்பட்டது. பயிற்சியின்போது கருவியே ஆடும். அதனால் கேமரா பின்தொடர ஆளின் மேல் ஒட்டும் குறிகளைக் கருவியின் மேலும் ஒட்ட வேண்டும்.

விமானத்தை வளைவுப் பாதையில் ஓட்டி எடையின்மையில் சோதிக்கும் முறை இதற்கு உதவாது. ஒரு வளைவில் 20 நொடி சொச்சம்தான் கிடைக்கும்; பிழை சேர்வது அதற்குள் தெரியாது. உங்கள் ஆய்வகமே போதும். திருத்தத்தை அணைத்து, இரண்டு சென்சார்களையும் மேசையில் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கோணம் 2 டிகிரி நகர எவ்வளவு நேரமாகிறதோ, உங்கள் பயிற்சிச் சுற்று அதற்குள் முடிய வேண்டும்.