கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஹார்மோன் எடுக்கலாமா?

எனக்கு 51 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரியில் நாலைந்து தடவை உடம்பு கொதித்து, நைட்டியே நனைந்துவிடுகிறது. ஸ்கேனில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி) இருப்பதால், இதற்குத் தரும் ஹார்மோன் சிகிச்சை பக்கமே போகக்கூடாது என்கிறார்கள். நிஜமா டாக்டர்?

இல்லை. கட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் தூக்கமில்லாமல் தவிக்க வேண்டியதில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. ஃபைப்ராய்டு வளர்வதே ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய இரண்டையும் நம்பித்தான். அவை குறைவதால்தான் மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலான கட்டிகள் தானாகச் சுருங்குகின்றன. ஆனால் இந்தச் சிகிச்சையில் நாங்கள் தருவது சிறிய அளவு. இளவயதில் உங்கள் சினைப்பை சுரந்த அளவுக்கு அது வராது. பலருக்குக் கட்டி அப்படியே இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் பெருக்கும். தொல்லை தருமளவு வளர்வது அபூர்வம். இன்னொன்றும் சொல்கிறேன். சினைப்பையின் சுரப்பை நிறுத்திக் கட்டியைச் சுருக்க லூப்ரோலைடு ஊசி போடும்போது, எலும்பு தேயாமல் இருக்க நாங்களே சிறிய அளவில் ஹார்மோனும் சேர்த்துத் தருவதுண்டு.

அளவைவிட, கட்டி எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் 2 செ.மீ. கட்டிகூட ரத்தப்போக்கை உண்டாக்கும். வெளிச்சுவரில் 5 செ.மீ. கட்டி சத்தமில்லாமல் கிடக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ரத்த அழுத்தம், மேமோகிராம் எல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் தோலில் தடவும் ஈஸ்ட்ரடையால் ஜெல்லும், படுக்கப் போகும்போது 100 மி.கி. மைக்ரனைஸ்டு புரொஜெஸ்டிரோனும் எழுதுவேன். மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் அபாயம் கொஞ்சம் கூடும். ஜெல்லில் அந்தக் கவலை மிகக் குறைவு. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

புரொஜெஸ்டிரோனும் கட்டியை வளர்க்கும் என்றால், ஈஸ்ட்ரோஜன் மட்டும் போட்டுக்கொள்ளலாமா?

கர்ப்பப்பை இருக்கும்வரை கூடவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வு தடித்துக்கொண்டே போய், புற்றுநோய்வரை கொண்டுவிடலாம். அதைத் தடுக்கத்தான் புரொஜெஸ்டிரோன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பை 5 வருடம் தரும். ஆனால் கட்டியால் உள்ளறையின் வடிவம் மாறியிருந்தால் அது நழுவி வெளியே வந்துவிடலாம்.

வயது 47. ஃபைப்ராய்டு இருக்கிறது. மாதவிலக்கு இன்னும் வருகிறது, ரத்தம் கட்டி கட்டியாகப் போகிறது. வியர்வையும் படபடப்பும் வேறு. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறாள் என் அக்கா.

ரத்தப்போக்கு தீரும். வியர்வை தீராது. அது சினைப்பை ஓய்வதால் வருவது, கர்ப்பப்பையால் அல்ல. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்து, வியர்வை இப்போதையதைவிட மோசமாகும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாலும் மெனோபாஸ் சற்று முன்னதாக வரலாம். தேவையில்லாத இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடும் பழக்கம் நம் நாட்டில் எவ்வளவு இருந்தது என்றால், 2023-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் பின்பற்றச் சொன்னது.

உங்களுக்கு அறுவைச் சிகிச்சை அவசியமாகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், தைராய்டும் பாருங்கள். படபடப்புக்கு இந்த இரண்டுமே காரணமாக இருக்கலாம். உள்வரிச் சவ்வையும் சோதித்த பிறகு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது என்று வழிகள் உண்டு. எதற்காக எடுக்கிறோம், சினைப்பை இருக்குமா போகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஹார்மோன் எடுத்து ஒரு வருடமாகிறது. இதுவரை ஒன்றுமில்லை, போன வாரம் திட்டுத் திட்டாக ரத்தம். கட்டி இருப்பதால்தானே?

அப்படி நினைத்து விட்டுவிடாதீர்கள், அம்மா. தொடங்கிய முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் திட்டுப் படுவது சகஜம். ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டுப் புதிதாக வந்தால், உள்வரிச் சவ்வின் தடிமனை ஸ்கேனில் பார்த்தாக வேண்டும், தேவைப்பட்டால் சிறு சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இந்த வாரமே போங்கள். மாதவிலக்கு நின்றபின் கட்டி வேகமாகப் பெருத்தாலும் இதே அவசரம்தான். மிக அரிதாக அது ஃபைப்ராய்டாக இல்லாமல் சார்கோமா என்னும் புற்றுநோயாக இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, அது திரும்பாமலிருக்க டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டியும் இருக்கிறது. வியர்வைக்கு என்ன செய்வது?

உங்களுக்கு ஹார்மோன் வேண்டாம். ஹார்மோன் அல்லாத மருந்துகளான வெண்லாஃபாக்ஸின் அல்லது கபாபென்டின் உதவும், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். வியர்வைக்கே தரப்படும் பராக்ஸெடின் உங்களுக்கு வேண்டாம், அது டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். டாமாக்சிஃபெனே கட்டியைச் சிலருக்குப் பெருக்குவதால், ரத்தம் பட்டால் உடனே சொல்லுங்கள்.

வியர்வை இல்லை. பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. கட்டி 4 செ.மீ. கிரீம் போடலாமா?

தாராளமாக. சிறிய அளவு ஈஸ்ட்ரியால் கிரீம் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும், கட்டியைத் தொடாது. முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரம் இரண்டு முறை. நிறுத்தினால் வறட்சி திரும்ப வரும் என்பதால் தொடர்ந்து போடலாம்.