வயல் நடுவே 42 கிலோமீட்டர்

கேள்வி: நான் திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்தவள். வயது 43. பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஹில்ஸ்போரோவில் வசிக்கிறேன். இரண்டு அரை மராத்தான் ஓடியிருக்கிறேன். இரண்டாவதை 2 மணி 15 நிமிடத்தில் முடித்தேன். என் முதல் முழு மராத்தானை வரும் ஜூலையில், போர்ட்லாண்ட் அருகே இருக்கும் சாவி தீவில் ஓட ஆசைப்படுகிறேன். சிறிய பந்தயம், வயல்களுக்கு நடுவே சமதரையான சாலை. அந்த இடத்தைப் பார்த்தாலே ஊர் நினைவு வந்துவிடுகிறது. "ஆள் அரவமே இல்லாத பந்தயம் முதல் தடவைக்கு வேண்டாம், பெருநகரப் பந்தயத்தில் ஓடு" என்கிறார் கணவர். "மேடே கிடையாது, சுலபமாக முடித்துவிடுவாய்" என்கிறான் சித்தப்பா மகன். அந்தச் சமயத்தில் என்னோடு தங்க வரும் அம்மாவோ, "கோடை வெயிலில் எதற்கடி இந்த வேலை?" என்று இப்போதே தொலைபேசியில் புலம்புகிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

பெயர் வெளியிட வேண்டாம், ஹில்ஸ்போரோ

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓடுங்கள். அந்தப் பந்தயத்திலேயே ஓடுங்கள். ஊர் நினைவு வரும் இடத்தில் முதல் மராத்தானை ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஆனால் "சுலபமாக முடித்துவிடுவாய்" என்ற பேச்சை மட்டும் இன்றோடு மறந்துவிடுங்கள்.

சாவி தீவு எனக்கு அந்நியமான இடம் இல்லை. என் தம்பி போர்ட்லாண்டில் வேலை பார்த்த காலத்தில், ஒரு கோடை முழுவதும் அவன் வீட்டில் தங்கி வாரம் இரண்டு நாள் அந்தத் தீவில் ஓடினேன். வில்லமெட் ஆறு கொலம்பியா ஆற்றோடு கூடும் இடத்தில், இரண்டு ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன மண் அது. வெள்ளத்தைத் தடுக்கக் கரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கரையைப் பார்த்த முதல் நாள் எனக்கும் கொள்ளிடக்கரைதான் ஞாபகம் வந்தது. ஆகவே உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

சமதரையைப் பற்றி முதலில் சொல்கிறேன். மேடு ஏறும்போது கெண்டைக்காலும் பின்தொடையும் அதிகம் உழைக்கும். இறங்கும்போது முன்தொடை பாரத்தைத் தாங்கும். ஒன்று பாடுபடும் நேரத்தில் இன்னொன்று கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும். சமதரையில் அந்த மாற்றமே கிடையாது. அதே தசை, அதே கோணம், அதே எட்டு. 42.195 கிலோமீட்டரை முடிக்க 40,000 எட்டுக்கு மேல் வைக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு கால் மரக்கட்டையாகிவிடும். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது மேடு பள்ளத்தில் ஓடிக் காலை எல்லா வேலைக்கும் பழக்குங்கள். நீண்ட ஓட்டங்களில் பாதியையாவது முழுக்கச் சமதரையில் ஓடுங்கள். ஹில்ஸ்போரோவுக்கு வடக்கே நார்த் பிளெய்ன்ஸ் பக்கத்து வயல் சாலைகள் இதற்குப் போதும். மாதம் ஒருமுறை கார்னீலியஸ் பாஸ் சாலை வழியாகத் தீவுக்கே போய்விடுங்கள். ரீடர், கில்லிஹன், சாவி ஐலண்ட் சாலைகளை இணைத்து ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆகும். தீவுக்குள் வர, போக ஒரே பாலம்தான். கோடையில் ஆற்று மணலுக்கும் பழத்தோட்டங்களுக்கும் வருகிற கார்கள் அந்தப் பாலத்தில் வரிசை கட்டும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தட்டையாகத் தெரிகிற அந்தச் சாலை உண்மையில் தட்டை இல்லை என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரங்களைச் சரித்துப் போட்டிருப்பார்கள். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி இடது ஓரமாக ஓடும்போது, இடது கால் ஒவ்வொரு எட்டிலும் ஒரு விரற்கடை தாழ்வாக விழும். நான் மூன்று வாரம் அப்படியே ஓடினேன். இடுப்பிலிருந்து முழங்காலின் வெளிப்புறம் வரை போகும் நார்ப்பட்டை இடது பக்கத்தில் பிடித்துக்கொண்டது. மாடிப்படி இறங்கினால் ஊசி குத்துவதுபோல வலிக்கும். இரண்டு வாரம் ஓடவே முடியவில்லை. பயிற்சியில் வண்டி வராத நீளங்களில் சாலையின் நடுப்பகுதிக்கு வந்து ஓடுங்கள். பந்தய நாளில் போக்குவரத்தை நிறுத்துவார்களா, நிறுத்தாவிட்டால் எந்த ஓரமாக ஓடச் சொல்கிறார்கள் என்று அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

இனி உங்கள் கணவர் சொன்ன விஷயம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பெருநகரப் பந்தயத்தில் கடைசி வரை யாராவது கை தட்டிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் நூறு முதுகுகள் தெரியும், அவற்றைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். சிறிய பந்தயத்தில் பத்தாவது கிலோமீட்டருக்குள் கூட்டம் நூலாகப் பிரிந்துவிடும். பிறகு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நீங்களும் கோதுமை வயலும்தான். வானம் தெளிவாக இருந்தால் கிழக்கே ஹூட் மலை பனித்தொப்பியோடு நிற்கும். வடக்கே 1980-இல் வெடித்து உச்சியை இழந்த செயின்ட் ஹெலன்ஸ் தெரியும். முதல் அரை மணி நேரம் அந்த மலைகளை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் மலையை நோக்கி ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அது அதே அளவில், அதே இடத்தில் நிற்கும்போது மனம் சோர்ந்துபோகும். ஓடியதே வீண் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது. கால் வலியைவிட அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

மலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, எட்டிவிடக்கூடிய பொருள்களைப் பார்க்கத் தொடங்கினேன். அடுத்த தபால் பெட்டி. அதற்கடுத்த களஞ்சியம். தெளிப்பான் சாலைவரை நீரைப் பீய்ச்சி நனைத்து வைத்திருக்கும் அந்தக் கறுப்புத் துண்டு. அங்கே போய்ச் சேர்ந்தபோது தெளிப்பான் திரும்பி வந்து தோளில் நாலு துளி விழுந்தது. அதுவே அடுத்த ஒரு கிலோமீட்டருக்குப் போதுமாக இருந்தது. இதைப் பந்தய நாளில் புதிதாகச் செய்து பார்க்க முடியாது. இரண்டு நீண்ட ஓட்டங்களுக்கு ஒன்றைத் தனியாக, காதில் பாட்டு இல்லாமல் ஓடுங்கள். உங்கள் மூச்சையும் காலடிச் சத்தத்தையும் நான்கு மணி நேரம் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டால், கூட்டம் இல்லாதது குறையாகவே தெரியாது.

உங்கள் கணவர் கவலையின் இன்னொரு பாதி பாதுகாப்பைப் பற்றியது. தண்ணீர் மேசைகள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, எந்த மணிக்கு அவற்றை எடுத்துவிடுவார்கள், மருத்துவ உதவி எங்கே நிற்கும் என்று எழுதிக் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அரை லிட்டர் தண்ணீரை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். எண் அட்டையின் பின்பக்கத்தில் கணவரின் தொலைபேசி எண்ணை எழுதுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் அரை மராத்தான் நேரத்தை வைத்துப் பார்த்தால், குளிர்ந்த நாளில் 4 மணி 45 நிமிடத்தை ஒட்டி முடிக்கலாம். ஜூலையில், முதல் தடவையாக, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 7 விநாடி. முதல் பத்து கிலோமீட்டரில் மட்டும், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 25 விநாடிக்குக் குறையாமல் ஓடுங்கள். மேடு இருந்தால் அது உங்களைத் தடுத்து நிறுத்தும். இங்கே தடுக்க எதுவும் இல்லை, காலைக் குளிர்ச்சி வேறு ஆசை காட்டும். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் தாங்கும். முன்னால் வேகமாக ஓடினால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

இப்போது அம்மா. மூவரில் விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் அவர்தான், வெயிலைச் சொன்னார். ஜூலையில் அங்கே விடியற்காலை 15 டிகிரி இருக்கும், பிற்பகலில் 27, 28 வரை போகும். திருவாரூரில் வளர்ந்தவருக்கு இது ஒரு வெயிலா என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் வியர்வை உடம்பில் வழியும், வியர்க்கிறது என்று தெரியும். ஓரிகன் கோடை வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று நினைத்தபடி ஓடிக்கொண்டிருப்பீர்கள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துப் பாருங்கள், உப்பு நறநறவென்று ஒட்டும். அந்தச் சாலைகளில் நிழல் என்பது அபூர்வம். கடைசி மூன்று வாரத்தில் சில ஓட்டங்களைக் காலை பத்து மணி வாக்கில், மெதுவாக, குறைந்த தூரம் ஓடுங்கள். வெயிலுக்கு உடல் பழக இரண்டு வாரம் ஆகும்.

அதே பகுதியில் 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாண்டில் 46.7 டிகிரி பதிவானது உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். அப்படியோர் அனல் வந்தாலோ, காட்டுத்தீப் புகை இறங்கினாலோ ஓடமாட்டேன் என்று இன்றே முடிவு செய்து கணவரிடம் சொல்லி வையுங்கள். ஐந்து மாதம் உழைத்த பிறகு, அன்று காலையில் அந்த முடிவை எடுக்க மனம் வராது. ஓடும்போது தலை சுற்றினாலோ, வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, எத்தனையாவது கிலோமீட்டர் என்பதே குழம்பினாலோ நின்றுவிடுங்கள். நிழலில் உட்கார்ந்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள், தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த நீரை ஊற்றச் சொல்லுங்கள்.

வெயில் என்றதும் எல்லோரும் "தண்ணீர் குடி, தண்ணீர் குடி" என்பார்கள். அளவுக்கு மீறினால் அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடமும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களிடமும் இது அதிகம் காணப்பட்டது. நீங்கள் ஐந்து மணி நேரம் ஓடப்போகிறவர். தாகத்துக்குக் குடியுங்கள், வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காதீர்கள். நான் பானகம்தான் எடுத்துப்போவேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் வெல்லம், அரை எலுமிச்சம்பழம், கால் தேக்கரண்டி உப்பு, சுக்கு ஒரு சிட்டிகைதான், ஏலக்காய் வேண்டாம். துணியில் வடிகட்டாவிட்டால் குப்பியின் வாயில் கப்பி அடைத்துக்கொள்ளும். இதோடு வாழைப்பழமோ, ஓட்டக்காரர்கள் சாப்பிடும் ஜெல் என்ற இனிப்புக் கூழோ சேர்த்து, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். எதுவானாலும் பயிற்சியில் நாலைந்து தடவை சாப்பிட்டு வயிறு ஒத்துக்கொண்டதை மட்டும் அன்று எடுத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே ஓடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத இன்னொன்று. வில்லமெட் பள்ளத்தாக்கு புல் விதை சாகுபடிக்குப் பேர் போனது. மே, ஜூனில் காற்றில் புல் மகரந்தம் நிறைந்திருக்கும், உங்கள் பயிற்சியின் உச்சமும் அந்த மாதங்களில்தான். கண் அரிப்பு, மூச்சில் விசில் சத்தம் இருந்தால் ஏப்ரலிலேயே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மிக நீண்ட ஓட்டத்தை, 30 அல்லது 32 கிலோமீட்டரை, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு முடித்துவிடுங்கள். பிறகு தூரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அந்த நாட்களில் கால் சும்மா இருக்காது, மனம் கிடந்து தவிக்கும். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஓரிகன் ஸ்ட்ராபெர்ரி ஜூனில்தான் பழுக்கும். தீவின் தோட்டங்களில் நாமே பறித்து எடை போட்டு வாங்கலாம். அம்மா வந்து இறங்கிய வாரமே அங்கே அழைத்துப் போங்கள். பழத்தைப் பறிப்பதற்கு முன் அவர் குனிந்து மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்ப்பார் என்று நினைக்கிறேன். பார்க்கட்டும். திரும்பும் வழியில், பந்தயப் பாதையில் 33-வது கிலோமீட்டர் எங்கே வருகிறது என்று காட்டுங்கள். அன்று கார் அதுவரை போகுமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குடையும் மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியில் நனைத்துப் பிழிந்து வைத்த இரண்டு துண்டுகளுமாக அவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவர் கையிலேயே விட்டுவிட்டு ஓடுங்கள். முடிக்கும் இடத்தில் அது வேண்டியிருக்கும்.