தேர்ந்தெடுத்து வளர்ப்பது இயற்கை, மரபணு மாற்றம் ஆபத்து என்பது சரியா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். காலங்காலமாக ரகங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி வந்ததற்கும் இன்றைய மரபணு மாற்றத்துக்கும் என்ன வேறுபாடு? முன்னது இயற்கையானது என்பதால் பாதுகாப்பு, பின்னது ஆய்வகத்தில் பிறந்தது என்பதால் ஆபத்து என்று கொள்ளலாமா? மரபணு மாற்றிய பொருளைப் பார்த்தே கண்டுகொள்ள முடியுமா? மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவதற்கு என் பதில், கொள்ள முடியாது என்பதே. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பயிர்ப் பெருக்கம் படித்தவன். மாணவனாக இருந்தபோது இரண்டு பருவங்கள் நெல்லில் ஒட்டுக்கட்டும், அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்க்கும் வேலை பார்த்தேன். அதனால் இந்த விவாதத்தில் யாராவது 'இயற்கை' என்று சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஒரு சிறு கத்தரிக்கோலும் இடுக்கியும்தான். நெற்பூ ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு மகரந்தப் பைகளும் ஒரு சூலகமும் சேர்ந்தே இருக்கும். அது தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். அதற்கு இடம் கொடுக்காமல், மறுநாள் விரியப்போகும் பூக்களை முதல் நாள் மாலையே அடையாளம் கண்டு, உமியின் மேற்பகுதியைச் சாய்வாக வெட்ட வேண்டும். திறந்த வாய்க்குள் இடுக்கியை விட்டு ஆறு பைகளையும் உருவ வேண்டும். ஐந்துதான் வந்தது என்றால் அந்தப் பூ வீண். சூல்முடியில் இடுக்கி உரசிவிட்டாலும் வீண். பாடநூல் இதற்கு 'ஆண்மை நீக்கம்' என்று கூச்சமில்லாமல் பெயர் வைத்திருக்கிறது. பிறகு கதிருக்குத் தாள் உறை மாட்டிவிட்டு, அடுத்த நாள் முற்பகலில் வேறு ரகத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டினால் வெளிர்மஞ்சள் தூள் புகைபோல இறங்கும். ஒரு மாலை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஐம்பது பூக்களைத் தயார் செய்தால், எனக்குப் பத்து நெல்மணிகள் தேறினாலே நல்ல நாள். இதை இயற்கை என்று எவர் சொன்னாலும் என் கழுத்து ஒப்புக்கொள்ளாது.

அந்தப் பத்து நெல்மணிகள் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். இரண்டு பெற்றோரின் பல்லாயிரம் மரபணுக்களும் சீட்டுக்கட்டைப்போலக் கலைந்து, இரண்டாம் தலைமுறையில் ஒரு செடியைப்போல இன்னொன்று இல்லாமல் வந்து நிற்கும். நோய் தாங்கும் ஒரு குணத்துக்காகக் காட்டு ரகத்தைக் கலந்திருப்போம். அந்தக் குணத்தைத் தரும் மரபணு தனியாக வராது; குரோமோசோமில் அதன் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவை எல்லாம் கூடவே வந்துவிடும். மணி சிறுக்கும், கதிர் பழுத்ததும் உதிரும், தாள் உயர்ந்து சாயும். வேண்டாத இந்த விருந்தாளிகளை வெளியேற்ற, நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பப் பிற்கலப்பு செய்து ஏழெட்டுத் தலைமுறை காத்திருக்க வேண்டும்.

மரபணு மாற்றத்தில் இந்தக் கலைத்துப்போடுதல் இல்லை. வேண்டிய மரபணுவை மட்டும் பிரித்தெடுத்துச் செருகுகிறார்கள். அதைவிட முக்கியமான வேறுபாடு, கொடுப்பவரும் பெறுபவரும் உறவாக இருக்கத் தேவையில்லை என்பது. நெல்லை நெல்லோடும் அதன் நெருங்கிய காட்டு உறவுகளோடும்தான் ஒட்டுக்கட்ட முடியும். மரபணுவை மட்டும் எடுத்தால் பாக்டீரியாவிலிருந்து பருத்திக்கு, மனிதனிலிருந்து ஈஸ்ட்டுக்கு என்று எங்கிருந்தும் எங்கும் போகலாம். 1973-ல் அமெரிக்க அறிவியலாளர்கள் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றுக்குள் வைத்துப் பெருகச் செய்தபோது இந்தக் கதவு திறந்தது. செடிகளுக்கு மரபணுவைச் சுமந்து செல்லும் வண்டி அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா. அது நாம் கண்டுபிடித்த கருவி அன்று; செடிக்குள் தன் மரபணுவைத் திணிப்பதுதான் அதன் பிழைப்பே. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மரபணுத் தொகுப்பில் இந்த பாக்டீரியாவின் மரபணுக்கள் பழங்காலம்தொட்டே குடியிருப்பதை 2015-ல்தான் கண்டறிந்தார்கள். அதற்கு எந்த அரசிடமும் எவரும் அனுமதி கேட்கவில்லை!

தேர்ந்தெடுத்தல் என்றால் ஏதோ மென்மையான வேலை என்று நினைப்பவர்கள் மக்காச்சோளத்தின் மூதாதையைப் பார்க்க வேண்டும். மெக்சிகோவில் டியோசின்டே என்று ஒரு புல். ஒரு கதிரில் ஒரு டஜன் விதைகூட இருக்காது. ஒவ்வொரு விதையும் கல்போன்ற ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளில் மனிதர்கள் அதை இன்றைய மக்காச்சோளம் ஆக்கிவிட்டார்கள். விளைவு என்னவென்றால், இன்று ஒரு கதிர் தரையில் விழுந்தால் விதைகள் தாமாகப் பிரிந்து பரவ முடியாது. மனிதக் கை இல்லாவிட்டால் அந்த இனமே நிலைக்காது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூக்கோல் எல்லாமே ஒரே செடியினத்தின் வேறு வேறு உறுப்புகளை ஊதவைத்துப் பெற்றவை.

விலங்குகளிடம் இது இன்னும் வேகமாக நடந்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் இறைச்சிக் கோழி வம்சங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் முதலாவதன் எடை சுமார் 900 கிராம். கடைசியானது 4,200 கிராம். ஒரு மரபணுவைக்கூட வெளியிலிருந்து செருகவில்லை, வெறும் தேர்வுதான். அந்த உடலைச் சுமக்க அதன் கால்கள் படும் பாட்டைப் பார்த்தவர்கள் 'பாதுகாப்பான முறை' என்று சொல்லத் தயங்குவார்கள்.

ஆபத்து என்ற சொல்லுக்கு என்னிடம் இருக்கும் நேரடி உதாரணம் லெனாப்பே என்ற உருளைக்கிழங்கு. 1967-ல் அமெரிக்காவில் வெளியான ரகம். வறுவலுக்கு அற்புதமானது, பெற்றோர் வழியில் ஒரு காட்டு உருளை இனத்தின் கலப்பு உண்டு. அந்தக் காட்டு உறவிடமிருந்து நல்ல குணங்களோடு நச்சும் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு பச்சையடித்தால் உண்டாகும் சோலனின் வகை நச்சு அதில் அளவுக்கு மீறி இருந்தது, சாப்பிட்டவர்களுக்குக் குமட்டியது. 1970-ல் திரும்பப் பெற்றார்கள். முழுக்க முழுக்கப் பழைய முறையில் ஒட்டுக்கட்டி உருவாக்கிய ரகம் அது. வேடிக்கை என்னவென்றால், லெனாப்பேயின் பிள்ளையான 'அட்லாண்டிக்' நச்சைக் கழித்துவிட்டு நல்ல பெயரோடு வாழ்ந்து வருகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விதைகளைக் காமா கதிரிலோ எக்ஸ் கதிரிலோ காட்டி, மரபணுக்கள் கண்டபடி உடைந்த பிறகு அவற்றில் உருப்படியானதைப் பொறுக்கும் முறை ஒன்று உண்டு. இவ்வாறு வந்த ரகங்கள் பன்னாட்டுப் பதிவேட்டில் 3,000-க்கும் மேல் இருக்கின்றன. எங்கே என்ன உடைந்தது என்று எவருக்கும் தெரியாத இந்த முறைக்குப் பெரும்பாலான நாடுகளில் தனி முத்திரை கிடையாது. எதை வைத்தோம் என்று தெரிந்து, அது எங்கே போய் உட்கார்ந்தது என்றும் சோதித்துப் பார்க்கும் முறைக்குத்தான் கோப்புகள் அடுக்கடுக்காகக் குவிகின்றன. இந்த வரிசையை யார் யோசித்து வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மருத்துவத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா மரபணு மாற்றம் என்ற பேச்சை எடுத்தாலே கொதித்துவிடுவார். "அந்தக் கருமத்தை வீட்டு வாசற்படி ஏறவிட மாட்டேன்" என்று ஒருமுறை என்னிடம் சத்தம் போட்டுக்கொண்டே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து இன்சுலின் குப்பியை எடுத்தார். குப்பியின் உறையில் 'மனித இன்சுலின்' என்பதற்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில் 'ஆர்டிஎன்ஏ' என்று அச்சிட்டிருந்தது. மறுசேர்க்கை டி.என்.ஏ. வழியில் செய்தது என்று பொருள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அவர் ஊசி போட்டு முடித்து, சாப்பிட உட்கார்ந்தார்.

அந்த எழுத்துகள் வருவதற்கு முன் இன்சுலின் பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து வந்தது. ஒரு பவுண்டு இன்சுலினுக்கு ஏறக்குறைய 8,000 பவுண்டு கணையம், அதாவது சுமார் 23,500 விலங்குகள் தேவைப்பட்டன. பன்றி இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஓர் அமினோ அமிலத்தில் வேறுபடும், மாட்டினுடையது மூன்றில். அதனால் சிலருக்கு ஒவ்வாமை வந்தது. 1978-ல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து இன்சுலினை உண்டாக்கினார்கள். 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. வளர்ச்சி ஹார்மோனின் கதை இன்னும் கொடியது. முன்பு அதை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு அதன் வழியே மூளையைச் சிதைத்துக் கொல்லும் நோய் தொற்றியது. 1985-ல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் பாக்டீரியாவில் செய்த ஹார்மோன் வந்தது. இங்கே 'இயற்கையான' பொருள்தான் கொன்றது.

தொழிற்சாலைகளைப் பற்றி நீட்டவில்லை. துணி சோப்புத்தூளில் கறையைக் கரைக்கும் நொதிகளும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்துவந்த பாலாடைக்கட்டி உறைநொதியும் இன்று பெரும்பாலும் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களின் தொட்டிகளில் விளைகின்றன. எதிர்த்து ஊர்வலம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் மரபணு மாற்றுப் பயிரில் எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் என் குறை மரபணுவைப் பற்றியது அன்று, அதை வைத்துக்கொண்டு மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது. பருத்தியில் வைத்த பி.டி. மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது செடியில் உண்டாக்குவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற மண் பாக்டீரியாவின் புரதம். அந்தப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடற்சுவரைத் துளைக்கும். நம் குடலில் அது ஒட்டிக்கொள்ள இடமில்லை. எந்த விஷத்துக்கும் பழகும் பூச்சிகள் இதற்கும் பழகும் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். அதற்கு மருந்தாகச் சொன்னது, பக்கத்தில் சாதாரணப் பருத்தியைக் கொஞ்சம் விட்டுவைப்பது. எதிர்ப்பு பெற்ற அரிதான அந்துப்பூச்சி அங்கே வளரும் சாதாரணப் பூச்சியோடு இணைசேரும்; பிறக்கும் குஞ்சுகளில் எதிர்ப்பு நீர்த்துப்போய், பி.டி. செடியைத் தின்றால் செத்துவிடும்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு என்ற ஒரே பூச்சியை வைத்து இரண்டு நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவின் தென்மேற்கில் உழவர்கள் இந்த விதியை நெடுங்காலம் கடைப்பிடித்தார்கள். பிறகு மலடாக்கிய அந்துப்பூச்சிகளையும் வானிலிருந்து தூவினார்கள். 2018-ல் அந்தப் புழு நாட்டின் பருத்தி வயல்களிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. இந்தியாவில் 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. ஓரத்தில் விதைக்கச் சொல்லிக் கொடுத்த சாதாரண விதையைப் பெரும்பாலோர் விதைக்கவில்லை. பத்தாண்டு முடிவதற்குள் அதே புழு முதல் மரபணுவைத் தின்று செரிக்கப் பழகிவிட்டது. பின்னர் இரண்டு மரபணு வைத்த பருத்திக்கும் அசையாமல் நின்றது. உழவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சிறு நிலம் வைத்திருப்பவரிடம் புழு தின்பதற்கென்று ஓரத்தை விடச் சொன்னால் அவர் விடுவாரா? அதையும் கணக்கில் வைத்துத்தான் தொழில்நுட்பத்தை இறக்கியிருக்க வேண்டும். காப்புரிமை, ஒவ்வோர் ஆண்டும் விதை வாங்க வேண்டிய நிலை, ஒரே களைக்கொல்லியை எல்லா வயலிலும் கொட்டி அதற்கும் மசியாத களைகளை வளர்த்துவிட்டது என்று என் பட்டியல் நீளும். ஆனால் விதையை ஆண்டுதோறும் வாங்க வைப்பதில் சாதாரண வீரிய ஒட்டு ரகமும் சளைத்ததில்லை.

எல்லை எங்கே என்று தேடுபவர்களைக் குழப்ப ஒரு நெல் இருக்கிறது. வெள்ளத்தில் முழுகினாலும் இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும் குணம் ஒடிசாவின் ஒரு பழைய ரகத்தில் இருந்தது. அதற்குக் காரணமான 'சப்1ஏ' மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். ஆனால் அதை ஆய்வகத்தில் செருகவில்லை. நான் செய்த அதே இடுக்கி வேலையால் 'சுவர்ணா' ரகத்தோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டி.என்.ஏ.வைப் பார்த்து, மரபணு வந்த செடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

இனி மூன்றாவது கேள்வி. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. விதையில்லாத தர்ப்பூசணி மரபணு மாற்றியது என்று பரவும் செய்தி தவறு; அது குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிய செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து பெறுவது. தக்காளி பெரிதாக, பளபளப்பாக, ஒரே அளவில் இருப்பதும் அடையாளம் அன்று. அது தேர்வின் வேலை. விதையோ இலையோ கையில் இருந்தால், டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையில் செருகிய மரபணு தெரிந்துவிடும். ஆனால் மரபணு மாற்றிய சர்க்கரைப் பீட் கிழங்கிலிருந்து வடித்த சர்க்கரையிலும், நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயிலும், பெரியப்பாவின் குப்பியிலும் சோதனையில் பிடிபடும் அளவுக்கு டி.என்.ஏ. பெரும்பாலும் மிஞ்சியிருக்காது. அவை எங்கிருந்து வந்தன என்பதைக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.